துடைக்கும் கை

ஓவியத்துக்கும் சினிமாவுக்கும் இடையிலான உறவு பற்றித் தமிழில் எழுதப்பட்டவை பெரும்பாலும் ஒரு கடன் கணக்காகவே அமைந்துவிடுகின்றன. தாதாசாகெப் பால்கே ரவிவர்மாவின் அச்சகத்துக்காக வேலை செய்தவர். ஆகவே 1913 இல் வெளிவந்த 'ராஜா ஹரிச்சந்திரா'வில் ரவிவர்மாவின் சாயல் இருக்கிறது. சத்யஜித் ராய் சாந்திநிகேதனில் ஓவியம் பயின்றவர். ஆகவே 'பதேர் பாஞ்சாலி'யில் (1955) நந்தலால் போஸ் இருக்கிறார். அகிரா குரோசாவா இளமையில் ஓவியராக விரும்பியவர்; 'ரான்' (1985) படத்துக்குப் பணம் கிடைக்காதிருந்த ஆண்டுகளில் அதன் காட்சிகளைத் தீட்டித் தீட்டி வைத்தவர். இவையெல்லாம் உண்மையே. ஆனால் இப்படி எழுதும்போது ஓவியம் மூத்த தமையனாகவும், சினிமா அவனிடம் கைமாற்று வாங்கும் தம்பியாகவும் நின்றுவிடுகின்றன. கொடுத்தவனுக்குப் பிறகு என்ன நேர்ந்தது என்று யாரும் கேட்பதில்லை.

கேட்க வேண்டியிருக்கிறது என்று எமக்குத் தோன்றியது, நாம் வாழும் இந்த மொன்றியல் நகரத்தில் செய்யப்பட்ட சில படங்களைப் பார்த்த பின்னர்தான்.

சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூ மொன்றியல் தீவின் மேற்கு முனை. ஒட்டாவா ஆற்றின் நீர் இந்த முனையைக் கடந்துதான் சென்ட் லோரன்ஸ் நதியோடு சேர்கிறது. பழைய கால்வாய் ஒன்று, நதியோரக் கடைத்தெரு ஒன்று, மக்கில் பல்கலைக்கழகத்தின் விவசாயப் பகுதி, அதற்குரிய பெரியதொரு மரத்தோப்பு, இவ்வளவுதான் ஊர். எம்மவர் கூட்டமாக வாழும் பார்க் எக்ஸ்டென்ஷனிலிருந்து பார்த்தால் இது வேறு தேசம். இருந்தும் மாதத்தில் ஒரு ஞாயிறு நாம் ஏழெட்டுப் பேர் இங்குள்ள நண்பர் ஒருவரின் நிலக்கீழ் அறையில் கூடுகிறோம். படம் பார்க்கிறோம். பிறகு இரவு ரயிலுக்கு நேரமாகும்வரை சண்டை பிடிக்கிறோம். இந்தக் கட்டுரை அந்தச் சண்டைகளில் ஒன்றிலிருந்து வருவது. ஆகவே 'நாம்' என்று இங்கே எழுதுவது ஒரே கருத்துடைய 'நாம்' அல்ல என்பதை வாசகர் மனதில் கொள்ள வேண்டும்.

கரோலின் லீஃப் என்பவர் 1976 இல் கனடாத் தேசியத் திரைப்படச் சபைக்காகச் செய்த 'தி ஸ்ட்ரீட்' பத்து நிமிடப் படம். மொன்றியலின் யூத எழுத்தாளர் மோர்டெக்காய் றிச்லரின் கதை. குடிபெயர்ந்து வந்த ஒரு குடும்பம், இடமில்லாத வீடு, அறையொன்றில் அம்மம்மா படுத்த படுக்கையாகக் கிடக்கிறாள். அவள் கண்ணை மூடினால் அந்த அறை உனக்கு என்று பேரனுக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. அவன் காத்திருக்கிறான். இவ்வளவுதான் கதை. அன்பில்லாத பிள்ளையென்று அவனைச் சொல்ல முடியாது. அறை வேண்டும், அவ்வளவுதான். இரண்டு அறை வாடகை வீட்டில் ஊரிலிருந்து கூப்பிட்டெடுத்த அம்மம்மாவோடு வளர்ந்த எமது பிள்ளைகளுக்கு இக்கதையை யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

அந்தப் படம் செய்யப்பட்ட விதம்தான் எமது சண்டைக்குக் காரணம். கண்ணாடித் தட்டொன்றின் கீழே வெளிச்சம், மேலே கமெரா. கண்ணாடியில் வர்ணத்தால் ஓர் ஓவியம் தீட்டப்படுகிறது. வர்ணம் காய்ந்துவிடாமல் இருக்க அதில் கிளிசரின் கலக்கப்படுகிறது. கமெரா அதை ஒரு சட்டகமாகப் பிடிக்கிறது. பிறகு ஓவியர் விரலாலோ துணியாலோ அதன் ஒரு பகுதியைத் துடைத்து, சற்று நகர்த்தி, மீண்டும் தீட்டுகிறார். மீண்டும் ஒரு சட்டகம். மீண்டும் துடைப்பு. ஒரு செக்கனுக்கு 24 சட்டகம் என்றால் பத்து நிமிடத்துக்கு 14,400. ஒரே ஓவியத்தை இரண்டு தரம் பிடித்தாலும் ஏழாயிரத்துக்குக் குறையாது. படம் முடியும்போது கையில் மிஞ்சுவது கடைசி ஓவியம் ஒன்றுதான். மற்ற ஏழாயிரமும் ஒன்றின் மேலொன்றாக, அடுத்தது பிறப்பதற்காக, அழிக்கப்பட்டவை. அழித்தவர் வரைந்தவரே.

படத்தைப் பார்க்கும்போது இது தெரியாமலில்லை. ஒரு காட்சியிலிருந்து மறு காட்சிக்குப் போக அவர் கத்தரிக்கோலை நாடுவது அரிது. ஓர் உருவம் கரைந்து இன்னோர் உருவமாகிறது. முகம் பெருத்துச் சுவராகி, சுவர் விலகித் தெருவாகிறது. நினைவு வருகிற விதமும் இதுதான் அல்லவா? ஊரை நினைக்கும்போது முற்றமும் கிணற்றடியும் தனித்தனிப் புகைப்படங்களாக வருவதில்லை. கிணற்றடியின் ஈரம் அப்படியே நகர்ந்து அடுப்படியின் புகையாகிறது.

இதே முறையின் உச்சம் என்று 'கிழவனும் கடலும்' (1999) படத்தைச் சொல்வார்கள். ரஷ்யரான அலெக்சாண்டர் பெற்றோவ் மொன்றியலுக்கு வந்து, இரண்டு வருடங்களுக்கு மேல் தங்கி, தன் மகனின் துணையோடு 29,000க்கு மேற்பட்ட சித்திரங்களை எண்ணெய் வர்ணத்தில், பெரும்பாலும் விரல் நுனியாலேயே கண்ணாடியில் தீட்டினார். ஒஸ்கார் விருதும் கிடைத்தது. எமக்கு லீஃபின் படமே பெரிது. பெற்றோவின் ஒவ்வொரு சட்டகமும் சுவரில் மாட்டத்தக்க ஓவியமாயிருக்க விரும்புகிறது. அழியப் போகிறோம் என்ற எண்ணமே அவற்றுக்கு இல்லை. லீஃபின் கோடுகள் தாம் போகப் போவதைத் தெரிந்துகொண்டே வருகின்றன.

நகரின் இன்னொரு பெரிய கலைஞர் இதற்கு நேரெதிர். ஃபிரெடெரிக் பாக் 1924 இல் ஜேர்மன் எல்லைப் பகுதியான சார்புரூக்கனில் பிறந்து, பிரான்சில் படித்து, 1948 இல் கனடாவுக்கு வந்தவர். 2013 இல் மொன்றியலில் காலமானார். றேடியோ கனடாவில் வேலை செய்தார். 'மரங்களை நட்ட மனிதன்' (1987) என்ற அரை மணிநேரப் படத்துக்காக ஏறத்தாழ இருபதாயிரம் சித்திரங்களை, ஓர் உதவியாளரோடு, ஐந்து வருடமளவில் வர்ணப் பென்சிலால் வரைந்தார். மங்கலான பிளாஸ்ரிக் தாளில் பென்சில், துடைப்பு இல்லை. சித்திரங்கள் எஞ்சின. அதற்கு முந்திய 'க்ராக்!' (1981) படத்தில் வேலை செய்யும்போது சித்திரங்களை அழியாமல் காக்கத் தெளிக்கும் திரவத்தால் ஒரு கண்ணின் பார்வையை இழந்தார். ஓவியம் நிலைத்திருக்க வேண்டுமென்பதற்குக் கொடுத்த விலை கண். மறுகண்ணோடு இருந்துதான் இருபதாயிரத்தையும் வரைந்தார்.

அவருடைய வேலையொன்றை எம்மில் பலர் பல வருடங்களாகத் தினமும் கடந்து போயிருக்கிறோம். பிளாஸ்-டெ-ஸார் மெற்றோ நிலையத்தில் 1967 இல் வைக்கப்பட்ட கண்ணாடி ஓவியம், மொன்றியலின் இசை வரலாற்றைச் சொல்வது, பின்னாலிருந்து ஒளியூட்டப்பட்டது. உணவகங்களில் கோப்பை கழுவிவிட்டுக் கடைசி மெற்றோவுக்கு ஓடிய காலத்தில் அது விளம்பரமென்றே எம்மில் சிலர் எண்ணியிருந்தார்கள். இப்போது பார்க்கும்போது அது அசையாத சினிமாவாகத் தெரிகிறது. கண்ணாடி, பின்னால் ஒளி, முன்னால் சனம். நகர்வது நாம்தான்.

ராய் தன் ஆசிரியர் பினோத் பிஹாரி முகர்ஜியைப் பற்றி எடுத்த 'தி இன்னர் ஐ' (1972) இவ்விடத்தில் நினைவுக்கு வருகிறது. பினோத் பிஹாரிக்குப் பிறவியிலேயே பார்வைக் குறை. ஐம்பதுகளில் நடந்த சத்திரசிகிச்சையின் பின் முற்றாகவே போய்விட்டது. சாந்திநிகேதன் ஹிந்தி பவனத்தின் சுவரில் 1947 அளவில் அவர் தீட்டிய பக்திக் கவிகளின் ஊர்வலத்தின் மேல் ராயின் கமெரா மெதுவாக நடந்து போகிறது. ஓவியம் நிற்கிறது, சினிமா நடக்கிறது. மாணவன் ஆசிரியரைத் தொடாமல் சுற்றி வந்து வணங்குவது போல. ஓவியத்துக்கும் சினிமாவுக்கும் இடையில் இதைவிடக் கண்ணியமான உறவு இருக்க முடியாது என்று எம்மில் மூத்தவர் ஒருவர் அடித்துச் சொன்னார். லீஃபின் முறை அவருக்கு வதையாகப் பட்டது. "ஏழாயிரம் படத்தைக் கொண்டு போட்டு ஒரு படம்" என்பது அவருடைய வார்த்தை.

அவருக்கு மறுமொழியாக எம்மில் இளையவர் ஒருவர் கோலத்தைச் சொன்னார். விடிய எழும்பி அரிசிமாவால் போடப்படும் கோலத்தை மத்தியானத்துக்குள் எறும்பும் காலும் கொண்டுபோய்விடும். யாரும் அழுவதில்லை, மறுநாள் வேறொன்று. கேரளத்தின் களமெழுத்தில் ஐந்து வர்ணப் பொடிகளால் மணிக்கணக்காக அம்மனை வரைந்து, பூசை முடிவில் ஆடுபவர் தன் காலாலேயே அதைக் கலைத்துவிடுகிறார். கலைப்பதும் சடங்கின் பகுதி. ஆகவே அழிவதற்காக வரைவது எமக்குப் புதிதல்ல, ஓவியத்தைச் சட்டமிட்டு ஆணியில் தொங்கவிடுவதுதான் எமக்குப் பின்னால் வந்த பழக்கம் என்பது அவர் வாதம்.

கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் இந்த வாதத்தை அதற்குரிய இடத்துக்கு அப்பால் கொண்டுபோகக் கூடாது என்று நாம் கருதுகிறோம். புலம்பெயர்ந்தோர் கூட்டங்களில் இப்போது ஒரு ஞானப் பேச்சு அடிபடுகிறது: எல்லாம் அழிவதே, பற்றை விடு, ஊர் என்பது மனதில். 1981 யூனில் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது போன ஏறத்தாழ 97,000 நூல்களையும் சுவடிகளையும் கோலத்தோடு ஒப்பிட ஒருவருக்கு மனம் வருமா? இரண்டிலும் அழிவு உண்டு; ஆனால் கை வேறு. கோலம் போட்டவள் அது கலையும் என்று தெரிந்து, சம்மதித்து, நாளைக்கும் மா இருக்கிறது என்ற உறுதியில் போடுகிறாள். லீஃப் துடைக்கும்போது அடுத்த கோட்டை வைப்பதற்காகத் துடைக்கிறார். எரித்தவனிடம் அடுத்த கோடு இல்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அழிப்பவனுக்குத் தான் எதை அழிக்கிறான் என்பது தெரிவதுமில்லை. 1983 யூலையில் கொழும்புக்கு வடக்கே ஹெந்தளையில் இருந்த, தமிழரான கே. குணரத்தினத்தின் விஜயா ஸ்ரூடியோ எரிக்கப்பட்டது. அதில் வெந்து போனவற்றில் சிங்களப் படங்களின் மூலப் பிரதிகளும் அடங்கும். தமிழனின் கட்டிடத்தைக் கொளுத்தியவர்கள் தமது மொழியின் சினிமாவையும் சேர்த்துக் கொளுத்தினார்கள்.

சினிமாவும் ஒன்றும் சிரஞ்சீவி அல்ல. ஓவியத்தை அழித்துப் பிறந்த அது தானும் அழிகிறது. தமிழின் முதல் பேசும் படம் 'காளிதாஸ்' (1931) இன்று இல்லை. மட்டக்களப்பு அமிர்தகழியில் பிறந்து, தமிழ்ச் சினிமாவுக்கு வெளிச்சம் என்றால் என்னவென்று காட்டிய பாலு மகேந்திரா, தன் 'வீடு' (1988), 'சந்தியா ராகம்' (1989) இரண்டினதும் நெகடிவ்கள் அழிந்துபோனதைச் சொல்லிச் சொல்லிக் கவலைப்பட்டார். தமிழ்ப் படங்களுக்கு ஓர் ஆவணக் காப்பகம் வேண்டுமென்று கேட்டபடியே 2014 இல் மறைந்தார். ஒரு வீட்டைக் கட்டி முடிக்கப்படும் பாட்டைச் சொன்ன படத்துக்கே நிலையான இருப்பிடம் இல்லாமற் போயிற்று.

இனி மறுபக்கம். அழியாமல் நிலைத்து நின்றதெல்லாம் நல்லது என்றும் சொல்ல முடியவில்லை. பேசில் றைட் இயக்கிய 'சோங் ஒஃப் சிலோன்' (1934) இலங்கையில் எடுக்கப்பட்ட படங்களில் மிக அழகானவற்றுள் ஒன்று. தேயிலைப் பிரசாரச் சபையின் பணம். தயாரித்தவர் ஜோன் கிரியர்சன். பின்னணியில் றொபேட் நொக்ஸின் பதினேழாம் நூற்றாண்டு வசனத்தைப் படிப்பவர் லயனல் வென்ட். பின்னர் கொழும்பில் 1943 இல் தோன்றிய '43 குழு' ஓவியர்களுக்கு அச்சாணியாயிருந்தவர், தானும் பெரும் புகைப்படக் கலைஞர். படத்தில் கொழுந்து பறிக்கும் பெண்கள் வருகிறார்கள். மலைச்சரிவு, கூடை, கையின் அசைவு, எல்லாம் ஓவியம். அவர்களின் மேல் வர்த்தக நிலவரக் குரல்கள் ஓடுகின்றன. இயக்குநருக்கு விமர்சன நோக்கு இல்லாமலில்லை என்பதை ஒப்புக்கொள்கிறோம். ஆனாலும் அப் பெண்களுக்குக் குரல் இல்லை, பெயர் இல்லை, கூலி எவ்வளவு என்பதும் இல்லை. பதினான்கு வருடங்களின் பின் 1948 இன் 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் அந்த மக்களை நாடற்றவர்களாக்கியபோது, உலகம் அவர்களைத் தேயிலைப் பெட்டியின் மேலிருந்த படமாகவே அறிந்திருந்தது. யாழ்ப்பாணத்தவரான எம்மில் எத்தனை வீடுகளில் அந்தப் படம் போட்ட நாட்காட்டி தொங்கியது, எத்தனை வீடுகளில் மலையகத்துப் பிள்ளையொன்று கோடியில் பாத்திரம் கழுவியது என்பதையும் மறைக்கத் தேவையில்லை. படம் நிலைத்தது. அது நிலைத்ததால் அந்த மக்களுக்கு ஓர் அங்குல நிலமும் கிடைக்கவில்லை.

இதே கிரியர்சன்தான் 1939 இல் கனடாவுக்கு வந்து தேசியத் திரைப்படச் சபையைத் தொடக்கியவர். 1941 இல் அவர் அழைத்த ஸ்கொட்லாந்துக்காரரான நோர்மன் மக்லாரென் கமெராவையே விட்டுவிட்டுப் பிலிம் சுருளின் மேல் நேராக வர்ணம் பூசினார். மொன்றியலில் பிறந்த கறுப்பின இசைக் கலைஞர் ஒஸ்கார் பீற்றர்சனின் பியானோவுக்கு அவரும் ஈவ்லின் லம்பார்ட்டும் பூசிய வர்ணம்தான் 'பிகோன் டல் கெயர்' (1949). சபை 1956 இல் மொன்றியலுக்கு இடம் பெயர்ந்தது. லீஃபின் கண்ணாடி வைக்கப்பட்டது அந்தச் சபையின் கூரையின் கீழ்தான். தேயிலைத் தோட்டத்திலிருந்து நாம் படம் பார்க்கும் நிலக்கீழ் அறைவரை ஒரே கோடு ஓடுகிறது.

ஆகவே கேள்வி, ஓவியம் நிலைக்க வேண்டுமா அழிய வேண்டுமா என்பதல்ல என்று எமக்குப் படுகிறது. ஓவியத்தில் இருப்பவருக்கும் அதை வரைபவருக்கும் துடைப்பவருக்கும் இடையில் என்ன உரிமை இருக்கிறது என்பதே கேள்வி. தன் பிள்ளையைத் தானே கண்டிப்பவளுக்கும் அயலவன் கை ஓங்குவதற்கும் உள்ள வித்தியாசம் எமது சனத்துக்கு நன்றாகத் தெரியும். எனினும் வரைந்தவருக்கே எல்லா உரிமையும் உண்டு என்று முடித்துவிடவும் முடியாது. லீஃப் வரைந்தது றிச்லரின் அம்மம்மாவை. கதையில் சாகக் கிடப்பவளைக் கண்ணாடியில் ஆயிரம் தரம் துடைத்தாரே, அது யாருடைய சம்மதத்தோடு? மூத்தவர் கேட்ட இந்தக் கேள்விக்கு எம்மிடம் உடனடி மறுமொழி இருக்கவில்லை. பிறகு ஒருவர் சொன்னார்: துடைக்காவிட்டால் அந்த அம்மம்மா அசைந்திருக்க மாட்டாள், ஒரு தரம் திரும்பிப் பேரனைப் பார்த்திருக்க மாட்டாள், சட்டத்துக்குள் பூமாலையோடு தொங்கியிருப்பாள்.

இந்தப் பேச்செல்லாம் பேச்சாகவே இருந்திருக்கும், எம்மில் ஒருவருடைய வீட்டு விடயம் இடையில் வந்திராவிட்டால். அவர் வலிகாமம் வடக்கைச் சேர்ந்தவர். 1990 யூனில் உடுத்த உடுப்போடு வெளியேறிய குடும்பம். ஊர் உயர் பாதுகாப்பு வலயமாயிற்று. கால் நூற்றாண்டின் பின் அந்தத் துண்டு நிலம் விடுபட்டபோது அங்கே வீடு இருந்ததற்கான அடையாளமாக நின்றது கிணற்றின் கட்டு மட்டும். புகைப்படம் ஒன்றுகூட மிஞ்சவில்லை. அவர் கை நன்றாக வரையும். ஊரில் பள்ளிக்கூடத்தில் சித்திரம் படிப்பித்தவர். அந்த வீட்டை வைத்து இரண்டு நிமிடப் படமொன்றைக் கண்ணாடி முறையில் செய்வோம் என்று இளையவர் தொடங்கினார். பழைய கதவு நிலைக் கண்ணாடி ஒன்று, கீழே வைக்க விளக்கு, கமெராவைப் பிடிக்க மரச்சட்டம், எல்லாம் ஒரு கிழமையில் சேர்ந்தன.

அவர் வீட்டை வரைந்தார். ஒரு முழு ஞாயிறு எடுத்தது. தலைவாசல், இரண்டு தூண், வேப்பமரத்து நிழல் விழுந்த திண்ணை, ஓட்டின் மேல் காயப்போட்ட ஒடியல் பாய். பக்கத்து வீட்டுக்காரராயிருந்த ஒருவர் பார்த்துவிட்டு, மூன்றாவது தூண் ஒன்று இருந்தது என்றார். அது பிறகு கட்டியது என்று அவர் மறுத்தார். கமெரா முதலாவது சட்டகத்தைப் பிடித்தது. அடுத்ததற்கு வேப்ப நிழல் ஒரு நூலளவு நகர வேண்டும். அதற்குத் திண்ணையில் ஒரு பகுதியைத் துடைக்க வேண்டும்.

துணியை யாரும் எடுக்கவில்லை. இளையவர் மெல்லச் சொல்லிப் பார்த்தார்: அக்கா, துடைச்சால்தான் நிழல் நகரும். தெரியும் என்றார் அவர். வேறு யாராவது துடைக்கட்டுமா என்று கேட்டபோது மட்டும் நிமிர்ந்து பார்த்தார். கேட்டவர் அதன் பிறகு வாய் திறக்கவில்லை. புகைப்படம் எடுத்து வைத்துக்கொண்டால் அழிந்ததாகாதே என்று மூத்தவரே சமாதானம் சொன்னார், தன் வாதத்துக்கு விரோதமாக. அது இருக்கிறதுதானே, கமெராவுக்குள், என்றார் அவர். இருந்தும் கையை நீட்டவில்லை.

வீட்டுக்காரருக்கு அந்த அறை வேறு தேவைகளுக்கும் வேண்டும். கண்ணாடியை ஒரு பக்கமாக நகர்த்தி, தூசி விழாமல் மேலே பெட்டி கவிழ்த்து வைத்திருக்கிறோம். கிளிசரின் கலந்த வர்ணம் இலேசில் காயாது. அடுத்த கூட்டம் மாதத்தின் மூன்றாவது ஞாயிறு, 'க்ராக்!' இன்னொரு தரம் போடச் சொல்லிக் கேட்டிருப்பவர் அவர்தான்.